கேம் ஷாஃப்ட் டைமிங்கைச் சரிபார்த்தல்

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று முடிக்கும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றை முடிக்கிறது. அந்த ஒரு சுற்றுக்குள் ஒவ்வொரு சிலிண்டரின் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒருமுறை திறந்து மூடியாக வேண்டும். பிஸ்டன் எங்கே நிற்கும்போது எந்த வால்வு திறக்கிறது, எது மூடுகிறது என்ற பொருத்தமே கேம் ஷாஃப்ட் டைமிங் அல்லது வால்வு டைமிங் எனப்படுகிறது. பிஸ்டன் ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் மேல்முனை. பட்டறைகளில் இதற்கு டாப் என்றே பெயர். இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த இடம் கீழ்முனை. இன்லெட் வால்வு, பிஸ்டன் டாப்புக்கு வருவதற்குச் சற்று முன்பே திறக்கத் தொடங்கி, பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் சிறிது தூரம் திறந்தே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வோ ஆற்றல் வீச்சு முடியும் முன்பே திறந்து, டாப்பைத் தாண்டிய பின்னரே மூடும். ஆகவே வெளியேற்று வீச்சு முடிந்து உறிஞ்சு வீச்சு தொடங்கும் டாப்பில் இரண்டு வால்வுகளும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. இந்த அத்தியாயத்தில் பின்னர் விளக்கப்படும் எளிய சோதனை அந்தக் கணத்தையே நம்பி அமைந்துள்ளது.

இந்தப் பொருத்தம் விலகினாலும் எல்லாச் சாலையிலும் அது வெளிப்படுவதில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 12 கிலோமீட்டர், மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744-இன் ஒரு பகுதியாகும். மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே நின்றாலும் சாலை பெரும்பாலும் சமதளமாகவே செல்வதால், கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டிய நிலையில் ஓடும் வண்டிகூட இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நெடுநாள் யாருக்கும் ஐயம் எழாதபடி ஓடிவிட முடியும். பிக்கப் சற்றுக் குறைந்திருப்பதையும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதையும் வண்டியின் வயதுக்கு இயல்பானவை என்று உரிமையாளர் எண்ணிக்கொள்வார். அதே வண்டி குற்றால சீசனிலோ சபரிமலைக் காலத்திலோ முழுச் சுமையோடு செங்கோட்டையைக் கடந்து புளியரை எஸ் வளைவில் ஏறும்போதுதான் இழுவையின்றித் திணறிக் குறையைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால் இப்பகுதியின் வாடகை வண்டிகளுக்கு ஆனி மாதத்துக்கு முன் ஒருமுறையும் கார்த்திகைக்கு முன் ஒருமுறையும் டைமிங் சோதனை செய்துவிடுவது தக்கது. சோதனை ஓட்டத்தைச் சமதளச் சாலையில் முடித்துக்கொண்டு எஞ்சின் நலமாக உள்ளது என்று முடிவு கட்டுவது தக்கதன்று.

சோதிக்கும் முறை எஞ்சினின் அமைப்பைப் பொறுத்து மாறும். அம்பாசிடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளேயே பக்கவாட்டில் அமர்ந்து, முன்பக்கச் செயினால் சுழற்றப்பட்டு, புஷ் ராடுகள் வழியாக மேலேயுள்ள ராக்கர் ஆர்ம்களை அசைக்கிறது. செயின் குட்டையானது என்பதால் அது பல் தாண்டுவது அரிது, தேய்ந்து தளர்வதே அதன் வழக்கமான நோய். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலும், அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்ட ஆம்னியிலும் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டின் மேலே ஏறிவிட்டது; அதைச் சுழற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். டாட்டா இண்டிகாவின் 1,405 சி.சி. டீசல் எஞ்சினில் இதே வகைப் பெல்ட் கேம் ஷாஃப்டோடு டீசல் பம்பையும் சேர்த்துச் சுழற்றுவதால், அங்கே ஒத்துப்போக வேண்டிய குறிகள் இரண்டு இடங்களில் அல்ல, மூன்று இடங்களில் உள்ளன. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலும் பெல்ட் வகையே. பெல்ட்டை மாற்றும் காலம் நெருங்கியதை அறிவிக்க அதன் மீட்டரில் தனி விளக்கே உண்டு. அந்த விளக்கு எரிவதை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை மாற்றாமல் விடும் பழக்கத்தைப் போல விலை அதிகமான சிக்கனம் வேறில்லை. டீசல் எஞ்சினில் டாப்புக்கு வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால், பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஹெட் வேலை வரை சென்றுவிடும்.

ஒரு பல் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். கிராங்க் பக்கப் பல்சக்கரத்தில் 20 பற்களும் கேம் பக்கத்தில் அதன் இருமடங்காக 40 பற்களும் இருப்பதாகக் கொண்டால், பெல்ட் ஒரு பல் தாண்டும்போது கேம் ஷாஃப்ட் 9 டிகிரி விலகுகிறது. கிராங்க் ஷாஃப்டின் கணக்கில் அது 18 டிகிரி. கேம் பின்தங்கினால் இன்லெட் வால்வு 18 டிகிரி தாமதமாக மூடும். அதற்குள் பிஸ்டன் வெகுதூரம் மேலேறி, உறிஞ்சிய கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை போவதற்கு இதுவே காரணம். கேம் முந்தினால் நிலைமை ஏறத்தாழத் தலைகீழ்: குறைந்த வேகத்தில் எஞ்சின் துடிப்பாக இருப்பதுபோலத் தோன்றி, வேகம் கூடும்போது மூச்சு வாங்கும்.

எஞ்சினைத் திறக்கும் முன்பே ஐயத்தை வலுப்படுத்தவோ நீக்கவோ இரண்டு கருவிகள் உதவும். முதலாவது கம்ப்ரஷன் கேஜ். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்கும்போது, ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் குறை அந்தச் சிலிண்டரின் வால்விலோ ரிங்கிலோ கேஸ்கட்டிலோ உள்ளது. எல்லாவற்றிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால்தான் டைமிங்கின் மீது கண் திரும்ப வேண்டும். ரிங்குகள் அனைத்தும் சமமாகத் தேய்ந்த பழைய எஞ்சினும் இதே அளவைக் காட்டக்கூடும் என்பதால், சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் டைமிங் அல்லது வால்வு என்று பிரித்தறியலாம். இரண்டாவது கருவி வேக்யூம் கேஜ். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது இன்லெட் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிட அளவை அது காட்டுகிறது; நலமான எஞ்சினில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை முள் அசையாமல் நிற்கும். வால்வு டைமிங் பின்தங்கிய எஞ்சினிலும் முள் அசையாமல்தான் நிற்கும், ஆனால் பல அங்குலம் கீழே நிற்கும். உயரமான இடங்களில் 1,000 அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் இந்த அளவு தானாகவே குறையும் என்பதால், கொடைக்கானலில் நின்று 13 அங்குலம் காட்டும் வண்டியைக் குறையுள்ளது என்று சொல்லிவிட முடியாது. ராஜபாளையத்தில் அதே அளவு வந்தால் குறை உண்டு.

கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இந்தக் குறையை மறைத்துவிடும் ஒரு வழக்கம் உள்ளது; அதைத் தனியே கவனிக்க வேண்டும். மாருதி 800-இலும் அம்பாசிடரிலும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்டிலிருந்தே சுழற்சியைப் பெறுகிறது. கேம் கிராங்க் கணக்கில் 18 டிகிரி பின்தங்கினால் பொறியும் அதே அளவு பின்தங்கும். வண்டி இழுக்கவில்லை என்று பட்டறைக்கு வந்தவுடன் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, காதால் கேட்டுக்கொண்டே கொஞ்சம் திருப்பி இறுக்கினால் பொறி தன் இடத்துக்கு வந்துவிடும், எஞ்சின் ஓசையும் தெளிவடையும். வால்வுகள் மட்டும் பழைய தாமதத்திலேயே இருக்கும். இக்னிஷன் டைமிங் சரியாக இருப்பது கேம் டைமிங் சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர் வழக்கமான இடத்தைவிட ஒரு பக்கமாக வெகுதூரம் திருப்பி இறுக்கப்பட்டிருப்பதைக் கண்டால், அதனை மீண்டும் தொடும் முன் பெல்ட் கவரைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

டாப்பைக் கண்டுபிடித்தல்

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் போட்டு, பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டால் எஞ்சின் கைக்கு இலேசாகச் சுழலும். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுழற்ற வேண்டும். கேம் புல்லியின் போல்ட்டைப் பிடித்துச் சுழற்றுவதும், டாப்பைச் சற்றுத் தாண்டிவிட்டால் எதிர்த்திசையில் திருப்பிக் கொண்டுவருவதும் பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தை இழுத்துப் பொய்யான நிலையைக் காட்டும். தாண்டிவிட்டால் மேலும் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி வருவதே சரி.

டாப்பை அறியப் பிளக் துளைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விடுவது பரவலான பழக்கம். சாய்வான துளைகளில் அது சிக்கிக்கொண்டு பிஸ்டனின் முகத்தைக் கீறும். நீளமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதுமானது. அதைவிட முக்கியமானது, டாப்புக்கு அருகே பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்பதாகும். கிராங்க் சில டிகிரி நகர்ந்தாலும் குழாயின் அசைவு கண்ணுக்குத் தெரியாது. துல்லியம் தேவைப்படும் இடத்தில், பிளக் துளையில் பிஸ்டனை டாப்புக்குச் சற்று முன்பே தடுக்கும் ஒரு தடையைத் திருகி, கையால் மெதுவாகச் சுழற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தில் புல்லியில் ஒரு கோடும், எதிர்த்திசையில் சுழற்றி முட்டும் இடத்தில் மற்றொரு கோடும் இட்டால், இரண்டுக்கும் நடுப்புள்ளியே உண்மையான டாப். எதிர்த்திசையில் சுழற்றக் கூடாது என்ற விதிக்கு இந்த ஓர் இடம் மட்டுமே விலக்கு. இங்கே அளக்கப்படுவது பிஸ்டனே அன்றிக் கேம் அன்று.

இவ்வளவு சிரமம் எதற்கு, புல்லியில் வெட்டுக்குறி இருக்கிறதே என்று கேட்கலாம். பல வண்டிகளில் கிராங்க் புல்லி, அதிர்வைத் தாங்குவதற்காக உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் வைத்துச் செய்யப்படுகிறது. வயதான ரப்பர் விட்டுவிட்டால் வெளிவளையம் குறியோடு சேர்ந்து நகர்ந்துவிடும். மாருதி 800-இல் கியர்பாக்ஸ் உறையில் உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் ஃப்ளைவீலில் உள்ள குறி தெரியும். ஃப்ளைவீல் கிராங்க்கோடு நேரடியாகப் போல்ட் செய்யப்பட்டது என்பதால் அந்தக் குறி நகராது. கிராங்க் பல்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறிய சாவியும் சோதனைக்குரியதே. நடு போல்ட் தளர்ந்து ஓடிய எஞ்சினில் அந்தச் சாவி தேய்ந்து, பல்சக்கரம் தண்டின் மீது சில டிகிரி ஆடும். வெளியே குறிகள் அனைத்தும் பொருந்தி நிற்க, உள்ளே டைமிங் பிழையாக இருக்கும் நிலை இதனால்தான் உண்டாகிறது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதல் சிலிண்டரும் நான்காவதும் ஒரே நேரத்தில் டாப்புக்கு வரும். நான்காவதின் எக்ஸாஸ்ட் வால்வு மூடி இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில் முதல் சிலிண்டர் அமுக்க வீச்சின் டாப்பில் நிற்கும். அம்பாசிடரில் இப்படி நான்காம் சிலிண்டரின் ராக்கர்களைப் பார்த்து முதலாவதின் நிலையை அறிவது எளிது. 1-3-2 என்ற வரிசையில் 240 டிகிரிக்கு ஒருமுறை எரியும் மூன்று சிலிண்டர் எஞ்சினில் எந்தச் சிலிண்டருக்கும் ஜோடி கிடையாது. அங்கே முதல் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடி, காற்று தள்ளுவதை உணர்ந்து, அதன் இரு ராக்கர்களும் தளர்வாக ஆடுவதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குறிகளும் இரண்டு சுற்றும்

பெல்ட் கவரைக் கழற்றியதும், கேம் பல்சக்கரத்தில் உள்ள குறி ஹெட் பக்கத்து வெட்டுக்கு நேராகவும், கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளி ஆயில் பம்ப் உறையில் உள்ள அம்புக்குறிக்கு நேராகவும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சக்கரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் இருக்கக்கூடும் என்பதால், எது எதற்குரியது என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அம்பாசிடரின் செயின் கவரைத் திறந்தால், இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் அவற்றின் மையங்களை இணைக்கும் கோட்டில் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். குறிகள் பொருந்தியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். பெல்ட்டின் தளர்ச்சி தீர்ந்து டென்ஷனர் தன் இடத்தில் அமர்வது அந்தச் சுற்றுகளில்தான், வால்வு எதிலாவது முட்டுகிறதா என்பது தெரிய வருவதும் அப்போதுதான். சுற்றும்போது கடினமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், வலுவைக் கூட்டக் கூடாது. புதிய பெல்ட்டிலும் செயினிலும் பொருத்துவதற்கு வசதியாக இடப்பட்டிருக்கும் வண்ணக் கோடுகள் இரண்டு சுற்றில் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. அதைக் கண்டு பதறிப் பெல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

குறிகளை நம்ப முடியாத எஞ்சினில், அதாவது வேறு எஞ்சினின் பல்சக்கரம் மாட்டப்பட்டோ குறி அழிந்தோ போனதில், முன்னர்க் கூறிய இரு வால்வும் திறந்திருக்கும் கணம் துணைக்கு வருகிறது. டப்பெட் இடைவெளிகளை முதலில் கையேட்டின்படி வைத்துவிட்டு, முதல் சிலிண்டரை வெளியேற்று வீச்சின் முடிவில் உண்மையான டாப்பில் நிறுத்தி, இரு வால்வுகளும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். பெரும்பாலான சாதாரணக் கார் எஞ்சின்களில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகத் திறந்திருக்கும். இன்லெட் அதிகம் திறந்திருந்தால் கேம் முந்தியுள்ளது. எக்ஸாஸ்ட் அதிகம் திறந்திருந்தால் பின்தங்கியுள்ளது. ஒரு பல்லின் பிழையை இந்தச் சோதனை ஐயமின்றிக் காட்டிவிடும். ஓரிரு டிகிரி பிழைக்கு இது போதாது.

நுண்ணிய அளவு வேண்டுமானால், பாலிடெக்னிக் மாணவர்கள் வெட்டு மாதிரி எஞ்சினில் வால்வு டைமிங் வரைபடம் வரையக் கையாளும் முறையைப் பட்டறையிலும் கையாளலாம். புல்லியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதன் முழு நீளத்தை 360-ஆகப் பிரித்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கிடைக்கும், 11.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் ஒரு டிகிரி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வால்வு திறக்கத் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், கேமின் தொடக்கச் சரிவு அவ்வளவு மெதுவானது. ஆகவே இன்லெட் வால்வு திறக்கும் வழியில் 1 மில்லிமீட்டர் இறங்கியபோது ஒரு கோடும், மூடும் வழியில் 1 மில்லிமீட்டர் மீதமிருக்கும்போது மற்றொரு கோடும் பட்டையில் இட்டு நடுவைக் கண்டால், வால்வு முழுவதும் திறந்திருக்கும் இடம் கிடைக்கும். பல பெட்ரோல் எஞ்சின்களில் அது டாப்புக்குப் பின் 100 முதல் 115 டிகிரிக்குள் அமையும். அதிலிருந்து 15, 20 டிகிரி விலகியிருந்தால் பல் தாண்டியதென்று கொள்ளலாம். ஹெட் ஃபேசிங் செய்த எஞ்சினில் சிறு விலகல் இயல்பே: கேம் ஷாஃப்ட் ஹெட்டில் இருக்கும் வகையில் 0.25 மில்லிமீட்டர் சீவினால், 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கேம் சக்கரத்தில் கிராங்க் அளவில் அரை டிகிரி போலப் பின்தங்கும். கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே உள்ள அம்பாசிடருக்கு இந்தக் கவலை இல்லை.

செயின் எஞ்சின்கள்

2007 முதல் ஸ்விஃப்டிலும் பின்னர் டிசையர், எர்டிகா போன்ற வண்டிகளிலும் வந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சின் வாடகை வண்டிகளில் மிகப் பரவலானது. இதில் டைமிங்கை இயக்குவது செயின். வெளிக்குறிகளைப் பார்த்து மாட்டும் வழி இங்கே உதவாது, கேம்களையும் கிராங்க்கையும் அதற்குரிய பின்களால் பூட்டித்தான் மாட்ட வேண்டும். அந்தப் பின்கள் இல்லாத பட்டறை இந்த வேலையை ஏற்காமல் இருப்பதே வண்டிக்காரருக்குச் செய்யும் உதவி. திறக்கும் முன் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாம்: பி 0016 என்ற குறியீடு, கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்லும் நிலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள்படும். பி 0340 கேம் சென்சாரின் இணைப்பைப் பற்றியது. அதற்காகச் செயினைக் கழற்றும் முன் வயரையும் கனெக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

செயின் நீள்வதற்கும் டென்ஷனர் செயலிழப்பதற்கும் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலே காரணம். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத வண்டியில் கசடு சேர்ந்து அதன் நுண்துளை அடைபடும், செயின் தளரும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் சலசலப்பு கேட்கும். இங்கே ராஜபாளையத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை தேவை. நூற்பாலை ஊராகையால் கழிவுப் பஞ்சு மலிவாகக் கிடைக்கிறது, பட்டறைகளில் கை துடைப்பதற்கும் பாகங்களைத் துடைப்பதற்கும் அதுவே பயன்படுகிறது. கை துடைப்பதோடு அது நிற்க வேண்டும். செயின் கவரையோ ஹெட் கவரையோ திறந்த எஞ்சினுக்குள் பிரிந்து விழும் ஓர் இழை ஆயிலோடு போய் ஸ்ட்ரெய்னரிலோ டென்ஷனர் துளையிலோ தங்கிவிடும். பலமுறை துவைத்து இழை உதிராத பருத்தித் துணியே உள்வேலைக்கு ஏற்றது.

பெல்ட் வகையில் ஆயில் வேறொரு வழியில் கெடுதல் செய்கிறது. கேம் ஆயில் சீலோ கிராங்க் ஆயில் சீலோ கசிந்து பெல்ட்டை நனைத்தால் ரப்பர் ஊறிப் பற்கள் அடியோடு பெயரும்; நனைந்த பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை, சீலையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டென்ஷனர் பேரிங் கையால் சுழற்றும்போது கரகரத்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம், பின்னர் அதற்காக மட்டும் மீண்டும் எல்லாவற்றையும் கழற்றும் கூலி பேரிங்கின் விலையைவிட அதிகம். ஓடாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியின் பெல்ட்டும் வெப்பத்தாலும் வயதாலும் வெடிக்கும் என்பதால் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மாற்றிய தேதியையும் அப்போதைய மீட்டர் அளவையும் அழியாத மையால் எழுதிப் பெல்ட் கவரின் மேல் ஒட்டிவிட்டால், கைமாறிக் கைமாறி ஓடும் வாடகை வண்டியை அடுத்து வாங்குபவருக்கு அது சர்வீஸ் புத்தகம் இல்லாத குறையைத் தீர்க்கும்.